கால் காத்திருந்த நொடி

எட்டு மணி நேரம் வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், அதற்கு மாதச் சம்பளம் என்று நீலமேகம் வந்து சொன்னபோது, ரமாபாய் அடுப்பைக் குறைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா சொல்ற? வண்டிய யாரு ஓட்றது?"

"அதுவே ஓட்டிக்கும்."

"அப்ப நீ எதுக்கு?"

"உள்ள ஒரு ஆளு இருக்கணுமாம். எதுனா ஆச்சுன்னா பிரேக் போட."

ரமாபாய்க்கு நம்பிக்கை வரவில்லை. ஆனால் புருஷன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்பதைப் பார்த்ததும், "எதுவோ, நல்லது நடந்தா சரி" என்று சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறினாள்.

நீலமேகத்துக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. வியாசர்பாடி குடியிருப்பில் மூன்றாவது மாடி. இருபத்து நான்கு வருஷம் டிரெய்லர் ஓட்டியவர். ராயபுரம் பக்கம் துறைமுக வாசலிலிருந்து மணலி, எண்ணூர், மாதவரம் என்று நாற்பதடிக் கன்டெய்னரை இழுத்துக்கொண்டு போய்வந்ததில், ஒரு மனுஷன்மேல் அவர் வண்டி உரசியது கிடையாது. அந்தச் சாலைகளைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். நடுச்சாலையில் மாடு படுத்திருக்கும். மீன்கூடைக்காரி குனிந்து சில்லறை பொறுக்குவாள். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் இரண்டு டிரெய்லருக்கு நடுவே புகுந்து ஓடும். யோசித்து பிரேக் போட்டதாக அவருக்கு ஒரு நாளும் ஞாபகம் இல்லை. கண் பார்க்கும், கால் மிதிக்கும். நடுவில் அவர் என்று ஒருவர் தேவைப்பட்டதே இல்லை.

முதுகுதான் காலை வாரிவிட்டது. துறைமுக வாசலில் பதினாறு மணி நேரம், பதினெட்டு மணி நேரம் என்று வரிசையில் கிடந்து கிடந்து, இடுப்பில் தொடங்கிய வலி இடது கால் கட்டைவிரல் வரை இறங்கிவிட்டது. இனிமேல் டிரெய்லர் கூடாது என்று டாக்டர் சொன்ன மாதத்தில்தான், எண்ணூர் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் தானாக ஓடும் இழுவை வண்டிகளை வைத்துச் சோதனை நடத்துகிறார்கள், பழைய டிரைவர்களைத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனார். எடுத்துக்கொண்டார்கள்.

வேலை எளிது. கையைத் தொடைமேல் வைத்துக்கொள்ள வேண்டும். வலது கால் பிரேக்குக்கு மேலே, அதைத் தொடாமல் நிற்க வேண்டும். தொட்டால் மணி ஒன்று அடிக்கும், வண்டி அவர் கைக்கு வந்துவிடும். எதற்காகத் தொட்டார் என்று பிறகு மைக்கில் சொல்ல வேண்டும். யார்டில் கன்டெய்னரைக் கட்டி இறக்கும் ஆட்கள் அவருக்கு "மாப்பிள்ளை" என்று பேர் வைத்தார்கள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஏசியில், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதால்.

முதல் நாள் மட்டும் நாற்பத்தொரு தடவை மணி அடித்தது.

பக்கத்து இருக்கையில் ஹஃப்சா இருந்தாள். இருபத்தெட்டு வயது, மண்ணடிக்காரப் பெண். தானாக ஓடும் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் மனுஷன் எப்படி நடந்துகொள்கிறான், எங்கே பார்க்கிறான், எப்போது பயப்படுகிறான் என்று கவனித்து எழுதுவதுதான் அவள் வேலை.

"அண்ணா, இப்ப எதுக்கு மிதிச்சீங்க?"

"எதிர்ல ஆளு வந்தாம்மா."

"வண்டி அவரைப் பார்த்திருச்சு அண்ணா. ஸ்கிரீன்ல மஞ்சள் கட்டம் வந்துச்சே."

"நானும் பாத்தேனே!"

அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். ஆனால் சாயங்காலம் சூப்பர்வைசர் அர்ஜுன் கூப்பிட்டு, சிரிக்காமல் சொன்னான்: "நீங்க மிதிச்சுக்கிட்டே இருந்தா வண்டி எப்படிக் கத்துக்கும்? உண்மையிலேயே தேவைப்பட்டா மட்டும் மிதிங்க." ஓய்வறைச் சுவரில் ஒரு பலகை. யார் எத்தனை முறை தலையிட்டார்கள் என்று வாராவாரம் எழுதுவார்கள். குறைவானவர் பெயர் மேலே இருக்கும். நீலமேகத்தின் பெயர் அடியில் இருந்தது.

காலை அடக்குவது லேசான காரியமாக இல்லை. முன்னால் யாராவது குறுக்கே வந்தால் தொடை இறுகி முட்டி வரை நடுங்கும். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அதைப் பிடித்து வைப்பார். வண்டி மெல்லக் குறைத்து, மூன்றடி தள்ளி நிற்கும். ஒவ்வொரு தடவையும் நின்றது. அவர் கண்ணில் படாத ஆளுக்கும் நின்றது. ஒரு நாள் கன்டெய்னர் மறைவிலிருந்து ஒருவன் பின்பக்கமாகவே நடந்து வந்தான். நீலமேகம் அவன் சட்டையைப் பார்ப்பதற்கு முன்பே வண்டி நின்றுவிட்டிருந்தது. அன்று வீட்டுக்குப் போய், "நம்மள விட அது உஷாரு" என்று ரமாபாயிடம் சொன்னார்.

நான்காவது மாதம் பலகையில் அவர் பெயர் மேலே ஏறியது. கால் இப்போது பிரேக்கின் மேல் நிற்கவில்லை. அவருக்கே தெரியாமல் கீழே இறங்கித் தரையில் பரவி உட்கார்ந்திருந்தது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகளையும், கழிமுகத்தில் சாம்பல் படிந்த தண்ணீரில் நிற்கும் கொக்குகளையும் பார்த்துக்கொண்டே அவரால் ஒரு ஷிப்டை ஓட்டிவிட முடிந்தது. போக வர கம்பெனி வேன். இடுப்பு வலி பாதியாகக் குறைந்தது. இப்படி ஒன்பது மாதம். அந்த ஒன்பது மாதத்தில் வேறு ஒரு வண்டியையும் அவர் தன் கையால் ஓட்டவில்லை.

மாதம் ஒரு தடவை ஹஃப்சா சில கேள்விகள் கேட்பாள். அதில் ஒன்று மாறாமல் வரும். "எதிரே திடீர்னு ஒரு ஆள் வந்தா, முதல்ல யார் பிரேக் போடுவாங்கன்னு நினைக்கிறீங்க? நீங்களா, வண்டியா?"

முதல் மாதம், "நான்தான், பின்ன யாரு" என்று சொன்னவர், எட்டாவது மாதம் சொன்னார்: "அதாம்மா. நான் பாக்கறதுக்குள்ள அது நின்னுடுது. நமக்கு இன்னா வேல?"

ஹஃப்சா எழுதாமல் ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "கொஞ்சம் கவனமா இருங்க அண்ணா."

"அதெல்லாம் இருப்பேம்மா."

ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ரமாபாயின் தம்பி பாரி விசேஷங்களுக்கு நாற்காலியும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவன். சொந்தமாக ஒரு குட்டி யானை டெம்போ வைத்திருந்தான். முந்தின நாள் கீழே விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தான். திருவொற்றியூரில் ஒரு வளைகாப்புக்குச் சாமான் போய்ச் சேர வேண்டும்.

"மாமா, நீ ஒரு கை குடு. பத்து மணிக்குள்ள இறக்கிட்டு வந்துடலாம்."

"வா, போலாம்."

ஓட்ட உட்கார்ந்ததும் நீலமேகத்துக்குச் சந்தோஷமாகவே இருந்தது. கியர் கைக்கு வந்தது, கிளட்ச் காலுக்கு வந்தது. பாரியோடு பேசிக்கொண்டே போனார். திருவொற்றியூர் கடைத்தெருவில் கூட்டம் இருந்ததால் முப்பதுக்கு மேல் போகவில்லை. இடப்பக்கம் ஒரு தண்ணீர் லாரி நின்றது. அதைத் தாண்டும்போது, லாரிக்கு முன்னாலிருந்து ஒரு அம்மாள் சாலையில் இறங்கினாள். ஊதாப் புடவை. ஒரு கையில் பைபிள், மறு கையில் பை. பைக்கு வெளியே முருங்கைக்காய் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் பார்த்தார். முருங்கைக்காயை எண்ணச் சொன்னால் எண்ணியிருப்பார், அவ்வளவு தெளிவாகப் பார்த்தார். பார்த்தபின் மனசுக்குள் ஒரு வார்த்தை வந்தது. 'நிக்கும்.'

கால் தரையில் இருந்தது.

"மாமா!" என்று பாரி அலறிய பிறகுதான் கால் எழுந்து மிதித்தது. வண்டி நின்றது. ஆனால் அதற்குள் மோதிவிட்டது. பெரிய வேகம் இல்லை. அந்த அம்மாள் பின்னால் சாய்ந்து, நடுத்தடுப்பின் சிமெண்ட் விளிம்பில் தலை இடித்து விழுந்தாள். நீலமேகம் இறங்கி ஓடி அவளைத் தூக்கினார். ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். வழி முழுக்க, "அம்மா, கண்ணத் தெற, அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அவள் பெயர் தேவப்பிரியம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து முப்பது வருஷத்துக்கு முன் வந்து, திருவொற்றியூரில் மளிகை மொத்தக்கடை வைத்திருக்கும் ராசையாவின் மனைவி. சர்ச் முடிந்து காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துபோனாள்.

வழக்குப் பதிவானது. நீலமேகத்துக்கு ஜாமீன் கிடைத்தது. செல்போன் கடைக் கேமராவில் அந்த அம்மாளின் முகம் மட்டும் தெரியவில்லை, மற்ற எல்லாம் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். வண்டி வேகம் இல்லை, டிரைவர் குடிக்கவில்லை, அந்த அம்மாள் லாரி மறைவிலிருந்து சட்டென்று வந்துவிட்டாள். வக்கீலும், "நீங்க எதுவும் பேசாதீங்க, படமே பேசும்" என்றார்.

"உம்மேல தப்பு இல்ல மாமா. திடீர்னு வந்துட்டாங்க" என்றான் பாரி.

"திடீர்னு வர்ல பாரி. நான் பாத்தேன்."

"பாத்தா மட்டும்? கால் போறதுக்கு டைம் வேணாமா?"

கேமராப் படத்தில் அந்த ஒரு நொடி தெரியாது. யார் பார்த்தாலும் ஒரு மனுஷன் திடுக்கிட்டு பிரேக் போடுகிறான், அவ்வளவுதான் தெரியும். திடுக்கிடாமல், ஏசியில் உட்கார்ந்திருக்கிறவனைப் போல, வண்டி நிற்கும் என்று அவர் காத்திருந்தது எந்தக் கேமராவிலும் விழவில்லை.

ரமாபாயிடம் சொன்னார். அவள் சோற்றுத் தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒரு செகண்டு இன்னாய்யா செகண்டு? அத்த யாரு அளந்தா?"

"நான் அளந்தேன். இருவத்தி நாலு வருசமா என் காலு எப்ப போவும்னு எனக்குத் தெரியும். அன்னிக்குப் போவல. அது நிக்கும்னு உக்காந்துகினு இருந்துச்சு."

"குட்டி யான எப்பிடிய்யா தானா நிக்கும்?"

"அதாண்டி நானும் கேக்கறேன்."

ரமாபாய் அழுதாள். அவர் அன்று சாப்பிடவில்லை.

பதினைந்து நாள் கழித்து யார்டுக்குப் போனார். கம்பெனியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே நடந்தது, வேறு வண்டி, அவர்களுக்குச் சம்பந்தம் இல்லை. அதே வண்டி, அதே இருக்கை. ஹஃப்சா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, "அண்ணா, இன்னைக்கு வேண்டாம்னா விட்டுடலாம்" என்றாள். அவர் தலையசைத்து மறுத்தார்.

மூன்றாவது வரிசையில் திரும்பும்போது, கட்டுக்கம்பியைத் தூக்கிக்கொண்டு ஒருவன் குறுக்கே வந்தான். ஸ்கிரீனில் மஞ்சள் கட்டம் விழுந்தது. வண்டி குறைத்தது, குலுங்காமல், சத்தமில்லாமல், மூன்றடி தள்ளி நின்றது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான்.

நீலமேகம் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார். கன்டெய்னர் நிழலில் போய்க் குந்தி உட்கார்ந்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதார். ஹஃப்சா ஓடி வந்தாள்.

"நின்னுடுச்சும்மா," என்றார். "இன்னா அழகா நின்னுடுச்சு பாத்தியா. நான் நிக்கலியே."

அங்கேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். ஹஃப்சா கையிலிருந்த டேப்லெட்டை மூடித் தரையில் வைத்துவிட்டாள். சொல்லி முடித்ததும் அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"உள்ள இருக்கும்போது நீங்க எப்படி இருக்கீங்கன்னு மட்டும்தான் அண்ணா நாங்க பாத்தோம். இறங்கிப் போனதுக்கு அப்புறம் உங்க கால் என்ன பண்ணும்னு கேக்கவே இல்ல. நான் கேட்டிருக்கணும். அது என் வேலை."

"நீ இன்னாம்மா பண்ணுவ? காலு என்னுது."

அவள் அதை அறிக்கையாக எழுதினாள். ஒரு மனுஷனின் காலைப் பழக்கத்திலிருந்து பிரித்துவிட்டால், அது திரும்பி வர எத்தனை நாள் ஆகும் என்று தெரியாமல் அவனைச் சாலைக்கு அனுப்பக் கூடாது என்று எழுதினாள். வளாகத்துக்கு வெளியே நடந்தது இந்தச் சோதனையின் வரம்புக்குள் வராது என்று அந்தப் பக்கத்தை நீக்கித் தரச் சொன்னார்கள் கம்பெனியில். இரண்டு மாதம் போராடிப் பார்த்துவிட்டு ஹஃப்சா வேலையை விட்டாள். கடைசி நாளில் நீலமேகத்தைத் தேடி வந்து, "என்னை மன்னிச்சிருங்க அண்ணா" என்றாள். அதற்குள் அவர் வேறு வேலை கேட்டு வாங்கிக்கொண்டு யார்டு வாசலில் நின்றிருந்தார். உள்ளே வரும் கன்டெய்னரின் நம்பரையும் பூட்டு முத்திரையையும் சரிபார்க்கும் வேலை. முதுகு வலி திரும்பி வந்துவிட்டது. வண்டியில் முன்னிருக்கையில் அதன்பின் அவர் உட்காரவில்லை. ஷேர் ஆட்டோவில்கூடப் பின்னால்தான்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரத்தில், அவர் ராசையாவின் கடைக்குப் போனார். வக்கீல் போகக் கூடாது என்றார், ரமாபாயும் வேண்டாம் என்றாள். போகாமல் இருக்க முடியவில்லை. கல்லாவுக்குப் பின்னால் மனைவியின் படம் மாட்டியிருந்தது. அதன்கீழே ராசையா உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், வெள்ளைச் சட்டை. ஆளை அடையாளம் தெரிந்துகொண்டார்.

"வாங்க. இரிங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. "ஆஸ்பத்திரிக்கு நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்கன்னு சொன்னாவ. எத்தன பேரு விட்டுட்டு ஓடிருதானுவ. நீங்க ஓடல."

"ஐயா, ஒண்ணு சொல்லணும்."

நின்றுகொண்டே சொன்னார். யார்டு, தானாக நிற்கும் வண்டி, தரையில் கிடந்த கால், உள்ளே வந்த அந்த ஒரு வார்த்தை, பாரியின் அலறல் எல்லாம். ராசையா நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு நேரம்?"

"ஒரு செகண்டு இருக்கும்யா."

"அந்த ஒரு செகண்ட் முன்னால மிதிச்சிருந்தா?"

முப்பதில் போகும் வண்டி ஒரு நொடியில் எவ்வளவு தூரம் போகும் என்று நீலமேகத்துக்குத் தெரியும். இரண்டு குட்டி யானை நீளத்துக்கு மேல்.

"நின்னுருக்கும்யா."

கடைக்குள் வாடிக்கையாளர் யாரும் இல்லை. ராசையா மேஜைமேல் கிடந்த தராசுக் கல்லை எடுத்து, ஒரு பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"ஆண்டவர் கூப்பிட்டுக்கிட்டாருன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன்" என்றார். "அப்படி நெனச்சாத்தான் காலையில எந்திரிக்க முடியுது. சர்ச்லயும் அதத்தான் சொன்னாவ. அவ நேரம் வந்துட்டுன்னு. இப்ப நீங்க வந்து, நின்னுருக்கும்னு சொல்லுதீங்க."

நீலமேகம் கை கூப்பினார்.

"நீங்க நல்ல மனுசன்தான். ஆனா இத எங்கிட்ட சொல்லிருக்க வேண்டாம். போங்க."

திருவொற்றியூரிலிருந்து வியாசர்பாடி வரை அன்று அவர் நடந்தே வந்தார். தன் மனசில் இருந்ததை இறக்கி வைக்கத்தான் போனோம் என்பது கொருக்குப்பேட்டை தண்டவாளம் வரும்போதுதான் அவருக்கு உறைத்தது. இறக்கி வைத்தாயிற்று. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர் தலையில்.

வழக்கு இழுத்துக்கொண்டே போனது. தேதி வரும்போதெல்லாம் நீலமேகம் லீவு போட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போவார். ராசையாவும் சில நாட்கள் வருவார். தாழ்வாரத்தில் இருந்த ஒரே நீள பெஞ்சில் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு இருக்காது. பேர் கூப்பிடுவார்கள், வேறு தேதி கொடுப்பார்கள், இருவரும் எழுந்து போவார்கள்.

தை மாதத்துத் தேதி அன்று, கூப்பிடத் தாமதமாயிற்று. ராசையா பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இந்தப் பக்கம் வந்தார்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கய்யா."

"அவ உங்க வண்டியப் பாத்தாளா?" குரலைத் தாழ்த்தினார். "பயந்தாளா? அதான் ராத்திரியும் பகலும் எனக்கு ஓடிக்கிட்டு இருக்கு. கடைசியில என்ன நெனச்சிருப்பான்னு."

அந்தக் காலையில் நடந்ததில் ஒன்றை மட்டும் நீலமேகம் ரமாபாயிடம், ஹஃப்சாவிடம், யாரிடமும் சொன்னதில்லை. தேவப்பிரியம் சாலையில் இறங்கியதும் திரும்பிப் பார்த்தாள். வண்டியை மட்டும் இல்லை, கண்ணாடிக்குள் அவரையும் பார்த்தாள். அவர் தன்னைப் பார்த்துவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது. வண்டிக்காரன் பார்த்துவிட்டான், நிறுத்திவிடுவான் என்று அந்தத் தெருவில் எல்லோரும் நம்புகிற மாதிரியே நம்பி, தலையை லேசாக ஆட்டிவிட்டு, அவசரப்படாமல் அடுத்த அடியை எடுத்து வைத்தாள். இரண்டு பேரும் வண்டி நிற்கும் என்றுதான் நினைத்தார்கள். அவள் நம்பியது அவரை.

ராசையா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லய்யா" என்றார் நீலமேகம். "அந்தாண்ட பாத்துகினு வந்தாங்க. வண்டி வந்ததே அவங்களுக்குத் தெரியாது."

"தெரியாதா?"

"தெரியாதுய்யா. சத்தியமா."

ராசையா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை முனையால் துடைத்தார். "சரி. அது போதும்" என்றார்.

உள்ளேயிருந்து பேர் கூப்பிட்டார்கள். நீலமேகம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தார். வழக்கை மார்ச் பதினொன்றுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள்.